மூன்றாம் வகுப்பில் நாடு மாறுகிறோம்: எந்த நாட்டில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஜப்பானில் இருக்கிறோம். மகள் மார்ச்சில் இரண்டாம் வகுப்பை முடித்தாள். கணவருக்கு ஜெர்மனிக்கு மாற்றல் வந்திருக்கிறது, கோடை விடுமுறை முடிந்ததும் அங்கே மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பெர்லின் அலுவலகமா, முனிச் அலுவலகமா என்பதை எங்களையே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே அவள் படிப்பது இப்படி. பாடவேளை 45 நிமிடம். ஒன்பதாம் வாய்ப்பாடு வரை ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி இரண்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் மொத்தம் 1,026 வர வேண்டும். வீட்டுப்பாடம் தினமும் உண்டு: காஞ்சிப் பயிற்சி, கணக்குப் பயிற்சி, அப்புறம் பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும். நான் உட்கார்ந்து கேட்டுவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். களைப்பான நாளில் எனக்கே தூக்கம் வரும்.

ஆனால் ஃபெயில் கிடையாது, வகுப்பில் ரேங்க் போடுவதும் இல்லை. மதிய உணவைப் பிள்ளைகளே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு பரிமாறுகிறார்கள். வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் அவர்களே பெருக்கித் துடைக்கிறார்கள்.

ஜெர்மனிக்குப் போனால் இவள் முன்னால் நிற்பாளா, பின்தங்குவாளா? மற்ற நாடுகளில் இருப்பவர்களும் உங்கள் பிள்ளைகள் படிப்பதைச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆலோசனையைவிட உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் வேண்டும்.

ரைன்கரை

கணக்கில் கவலையே வேண்டாம் சகோதரி. ஜெர்மனியில் முதல் வகுப்பில் 20 வரை, இரண்டாம் வகுப்பில் 100 வரை, மூன்றாம் வகுப்பில் 1000 வரை என்றுதான் எண்கள் போகும். ஜப்பானில் இரண்டாம் வகுப்பிலேயே நான்கு இலக்கம் முடித்திருப்பார்களே. மொழி வரும்வரை கணக்கு வகுப்புதான் உங்கள் மகளுக்கு மூச்சு விடும் இடமாக இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே வாய் திறந்து பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. கை தூக்குவது, பதில் சொல்வது, வகுப்பு விவாதத்தில் கலந்துகொள்வது எல்லாம் சேர்ந்துதான் பாட மதிப்பெண். எழுத்துத் தேர்வில் பிழையே விடாத பிள்ளைகூட வகுப்பில் வாய் பேசாமல் இருந்தால் மதிப்பெண் குறையும். ஆசிய நாடுகளிலிருந்து வரும் பெற்றோர் முதல் பெற்றோர் சந்திப்பில் முகம் சுருங்கிப் போவது இதற்குத்தான். எனக்கும் நடந்தது. மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1 சிறந்தது, 6 மோசம்.

பள்ளி நேரம் பல இடங்களில் மதியத்தோடு முடிந்துவிடும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பெரும் தலைவலி. 2026 ஆகஸ்ட் முதல் முழுநாள் பராமரிப்பைச் சட்ட உரிமையாக்குகிறார்கள். ஆனால் அது முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத்தான் ஏறும், உங்கள் மகளுக்கு எட்டாது.

நீச்சல் பாடத்திட்டத்தில் உண்டு. நான்காம் வகுப்பில் காவல்துறையினர் வந்து சைக்கிள் ஓட்டும் தேர்வு வைப்பார்கள். பிள்ளைகள் இதற்குத் தயாராகும் தீவிரத்தில் பாதியைக்கூட இலக்கணத்தில் காட்டுவதில்லை.

சின்னக்கா

சிங்கப்பூரிலிருந்து. இங்கே தொடக்கப்பள்ளி ஆறு வருடம், முடிவில் எல்லோருக்கும் பொதுவான தேசியத் தேர்வு. 1960 முதல் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடமாகத் தமிழும் அந்தத் தேர்வில் உண்டு, வாய்மொழித் தேர்வு உட்பட.

கணக்கு சொல்லித்தரும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் கையில் பொருளைக் கொடுப்பார்கள், பிறகு படம், அதன் பிறகுதான் எண்ணும் குறியும். வாக்கியக் கணக்கு எல்லாவற்றுக்கும் நீளமான கட்டங்கள் வரைந்து, எது முழுமை, எது பகுதி, எது தெரியவில்லை என்று பார்க்கச் சொல்வார்கள். அல்ஜீப்ரா வருவதற்கு வெகு முன்னாலேயே அந்த யோசனை பிள்ளைக்கு வந்துவிடுகிறது.

2019 முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் தேர்வே கிடையாது. அரையாண்டுத் தேர்வையும் படிப்படியாக எல்லா வகுப்பிலும் எடுத்துவிட்டார்கள். 2021-இல் ஆறாம் வகுப்புத் தேர்வின் மதிப்பெண் முறையையும் மாற்றினார்கள், ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டாம் என்று. அமைச்சு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. டியூஷன் மட்டும் குறையவில்லை. பள்ளியில் தேர்வு இல்லை என்றால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையே என்று டியூஷன் நிலையத்தில் தேர்வு எழுத வைக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

தர்க்கவாதி

டியூஷனைக் குறை சொல்பவர்கள் முடிவுகளையும் பார்க்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடக்கும் டிம்ஸ் கணிதத் தேர்வில், 2023-இல் சிங்கப்பூர் 615. ஜப்பான் 591. எல்லோரும் கொண்டாடும் ஃபின்லாந்து 529, ஜெர்மனி 524. பயிற்சி, மனப்பாடம், வீட்டுப்பாடம் இருக்கும் நாடுகள்தான் மேலே இருக்கின்றன. விளையாடிக்கொண்டே படிக்கலாம் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பனிக்காலன்

ஃபின்லாந்து என்றதும் வந்துவிட்டேன். முதலில் இணையத்தில் சுற்றும் கதைகளை ஓரம் கட்டுவோம். இங்கே வீட்டுப்பாடம் உண்டு, குறைவு என்பதுதான் உண்மை. தேர்வும் உண்டு. ஆசிரியரே வகுப்பில் வைப்பார். மேல்நிலைப் பள்ளி முடிவில் வரும் தேர்வு வரைக்கும் நாடு தழுவிய பொதுத்தேர்வு இல்லை என்பதைத்தான் ‘தேர்வே இல்லாத நாடு’ என்று யாரோ ஆக்கிவிட்டார்கள்.

பள்ளி ஏழு வயதில் தொடங்குகிறது. ஆறு வயதில் ஒரு வருடம் முன்பள்ளி, 2015 முதல் கட்டாயம். 45 நிமிடப் பாடம், வழக்கமாக 15 நிமிட இடைவேளை. இடைவேளையில் பனி கொட்டினாலும் பிள்ளைகள் வெளியேதான். மதிய உணவு 1948 முதல் எல்லோருக்கும் இலவசம்.

தர்க்கவாதி சொன்ன எண்கள் சரி. நானே இன்னொன்று சேர்க்கிறேன். 15 வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடக்கும் பீசா தேர்வின் கணிதத்தில் 2006-இல் 548 எடுத்த நாடு, 2022-இல் 484-க்கு வந்துவிட்டது. இந்தச் சரிவைப் பற்றி இங்கே தினமும் சண்டைதான். ஆகவே இது சொர்க்கம் என்று நான் சொல்லப் போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ஒரு பிள்ளை வாசிப்பில் தடுமாறினால் ஃபெயில் ஆகும்வரை இங்கே காத்திருப்பதில்லை. சிறப்புக் கல்வி ஆசிரியர் சில வாரங்கள் தனியே அழைத்துப் போய்ச் சொல்லித்தருவார். வகுப்பில் நிறையப் பிள்ளைகள் ஏதோ ஒரு கட்டத்தில் அப்படிப் போய் வருவதால் யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை. வகுப்பு ஆசிரியர் அத்தனை பேரும் முதுகலை முடித்தவர்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

வெண்பலகை

இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நாடுகளை ஒப்பிடும்போது எல்லோரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு: எழுத்துமுறை.

ஃபின்னிஷ் மொழியில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. பிள்ளை சில மாதங்களில் எதையும் வாசித்துவிடும். ஆங்கிலம் அப்படியா? 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலான மொழிகளில் பழகிய சொற்களைப் பிள்ளைகள் ஏறக்குறைய பிழையில்லாமல் வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சரியாக வாசித்தது 34 சதவீதம்தான். இவர்கள் மற்றவர்களைவிடச் சிறிய வயதிலேயே பள்ளிக்கு வந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

நாங்கள் நான்கு வயதிலேயே வகுப்பில் உட்கார வைக்கிறோம். ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி தினமும் நடக்கிறது. முதல் வகுப்பு முடிவில் ஓர் ஒலிச் சோதனை, 2012 முதல் நாடு முழுவதும். அதில் அர்த்தமே இல்லாத சொற்களும் இருக்கும், பிள்ளை படம் பார்த்து ஊகிக்காமல் எழுத்தைப் படிக்கிறதா என்று பார்க்க. ஃபின்லாந்துப் பிள்ளை ஏழு வயதில் தொடங்கியும் வாசித்துவிடுகிறதே, நீங்கள் ஏன் குழந்தைகளை வதைக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். எங்கள் மொழியின் எழுத்துக்கூட்டல் எங்களை விடுவதில்லை.

நிலாமுற்றம், உங்கள் மகளின் காஞ்சிப் பயிற்சியையும் இப்படியே பாருங்கள். ஆயிரம் எழுத்தை எழுதிப் பழகாமல் கற்க முடியாது. அந்த வீட்டுப்பாடத்துக்குக் காரணம் கலாசாரம் மட்டும் இல்லை. ஜெர்மன் எழுத்துக்கூட்டல் அவளுக்கு எளிதாகவே இருக்கும்.

மனப்பாடத்தைப் பற்றி: இங்கேயும் நான்காம் வகுப்பில் வாய்ப்பாட்டுத் தேர்வு உண்டு. 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு வினாடி, கணினியில். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பின்னத்தில் படும் அவதியைப் பார்த்தவர்கள் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

தர்க்கவாதி

அப்படிப் போடுங்கள்.

கடலோடி

வீட்டுப்பாடம் பற்றி ஒரு வேடிக்கை. பிரான்சில் தொடக்கப்பள்ளியில் எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 1956-லிருந்து விதி. நாங்கள் இருந்த வருடங்களில் மகன் மாலைதோறும் எழுதிக்கொண்டுதான் இருந்தான். ஆசிரியரிடம் கேட்டால், “பெற்றோர்தான் கேட்கிறார்கள்” என்றார்.

பிறகு சீனாவுக்கு மாறினோம். அங்கே 2021-இல் பெரிய அதிரடி. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது, எழுத்துத் தேர்வும் கூடாது. மூன்று முதல் ஆறாம் வகுப்பு வரை சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் போகக் கூடாது. பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தவும் தடை. பெரிய பெரிய நிறுவனங்களே கடையை மூடின. ஆனால் பத்தாம் வகுப்புக்கு முன் வரும் தேர்வு அப்படியே இருந்தது. அதில் கணிசமான பிள்ளைகள் பொதுக்கல்வி மேல்நிலைப் பள்ளிக்குப் போகாமல் தொழிற்பள்ளிக்குப் போக நேரிடும். அப்புறம் எந்தப் பெற்றோர் சும்மா இருப்பார்கள்? டியூஷன் வீட்டுக்குள் போனது, விலையும் ஏறியது.

ரைன்கரை

கடலோடி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டுப்பாடம் எத்தனை நிமிடம், தேர்வு உண்டா இல்லையா என்று பார்ப்பதைவிட, பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் முதல் வாசல் எந்த வயதில் வருகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் 12. சீனாவில் 15. ஃபின்லாந்தில் 16. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் 10 வயதிலேயே! நான்காம் வகுப்போடு தொடக்கப்பள்ளி முடிகிறது. பல்கலைக்கழகம் நோக்கிப் போகும் கிம்நாசியமா, வேறு வகைப் பள்ளியா என்பது அப்போதே முடிவாகிறது. ஃபின்லாந்துக்கு அடுத்தபடியாகச் சாவகாசமான நாடு என்று ஜெர்மனியை நினைத்து வருபவர்கள், நான்காம் வகுப்பில் பெற்றோர் படும் பாட்டைப் பார்த்தால் ஆடிப்போவார்கள்.

தர்க்கவாதி

உங்கள் வாசல் கணக்கு உதைக்கிறதே. தென்கொரியாவில் பெரிய தேர்வு 18 வயதில்தான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஏன் ஹாக்வோன் டியூஷனுக்கு ஓடுகிறார்கள்? சோல் நகரத்தில் டியூஷன் இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று விதியே போட வேண்டியிருந்தது. இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கூடாது என்றது. 2019-இல்தான் அதைத் தளர்த்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க அரசுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். முதல் பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பில். வாசல் இவ்வளவு தூரத்தில் இருந்தும் மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்துப் பயிற்சி நடக்கவில்லையா?

பனிக்காலன்

நல்ல கேள்வி. என் பார்வையில் வயதைவிட இரண்டு விஷயம் முக்கியம். வாசல் எவ்வளவு அகலம்? தவறவிட்டவர் திரும்பி வர வழி இருக்கிறதா? இங்கே 16 வயதில் பாதிக்கு நெருக்கமான பிள்ளைகள் தொழிற்கல்விக்குப் போகிறார்கள். அங்கிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், வழி அடைபடுவதில்லை. அதனால் ஏழு வயதில் யாருக்கும் பதற்றம் இல்லை. கொரியாவில் வாசல் 18 வயதில் என்றாலும் சில பல்கலைக்கழகங்களின் பெயருக்காக எல்லோரும் ஒரே வாசலில் முட்டுகிறார்கள். எனவே ஓட்டம் எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

சின்னக்கா

இந்தியாவில் பள்ளியில் இடம் கிடைப்பதே முதல் வாசல், தர்க்கவாதி. நீங்கள் சொன்ன அதே சட்டம் சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வு செய்யக் கூடாது என்கிறது. ஆனாலும் குழந்தையை ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்று கூப்பிடும் பள்ளிகள் உண்டு. இன்னொரு பக்கம், அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம் என்று கிராமப்புறங்களில் எடுத்த ஏசர் கணக்கெடுப்பு 2024-இல் சொன்னது. ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் மூன்று வயதில் ஓடுகிறது, இன்னொரு கூட்டத்துக்கு எட்டு வயதிலும் வாசிப்பு கைகூடவில்லை. நாட்டுச் சராசரியை வைத்து என்ன ஒப்பிடுவது?

தர்க்கவாதி

சரி, அகலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

வெண்பலகை

பயிற்சி வேண்டாம் என்று இங்கே யார் சொன்னது?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. ஆனால் ரைன்கரை அண்ணா சொன்னதைப் படித்துப் பயம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் சேர்த்தால் நான்காம் வகுப்பு முடிவுக்குள் இவள் ஜெர்மன் கற்று, அதில் மதிப்பெண்ணும் எடுக்க வேண்டுமா? பெரும்பாலான மாநிலங்கள் என்றீர்களே, பெர்லின், முனிச் இரண்டும் அதில் சேர்த்தியா?

ரைன்கரை

அங்கேதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். கல்வி இங்கே மாநிலங்களின் கையில். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப்பள்ளி ஆறு வருடம். முனிச் இருக்கும் பவேரியாவில் நான்கு.

பவேரியா மிகவும் கண்டிப்பு. நான்காம் வகுப்பில் மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, சூழலியல் பாடம் மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் கிம்நாசியம். 2.66 வரை ரியால்ஷூலே என்ற நடுத்தர வகைப் பள்ளி. அதற்கும் வராவிட்டால் மூன்று நாள் சோதனை வகுப்பு உண்டு. நியாயமாகச் சொன்னால், முதல் வகுப்பிலிருந்து ஜெர்மனியில் படிக்காத பிள்ளைகளுக்குச் சலுகை இருக்கிறது. மொழிக் குறை போகப் போகச் சரியாகிவிடும் என்று பள்ளி கருதினால் 3.33 வரைகூட ஏற்பார்கள். உங்கள் மகளுக்கு அது பொருந்தும். ஆனால் அது பள்ளியின் தீர்மானம், உங்கள் உரிமை இல்லை.

பெர்லினில் மொழி புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு வரவேற்பு வகுப்பு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் நேரே வழக்கமான வகுப்பில் உட்கார வைத்து, மொழிக்கு மட்டும் தனியே அழைப்பார்கள். முடிந்தால் இரண்டாவதைக் கேளுங்கள். விளையாட்டு மைதானத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தால்தான் மொழி ஒட்டும். அங்கேயும் கிம்நாசியம் போக மதிப்பெண் பார்ப்பார்கள், ஐந்தாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளும் சில கிம்நாசியங்களும் உண்டு. ஆனால் இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைக்கிறது. மொழி கற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

பனிக்காலன்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெர்லின்.

கடலோடி

பவேரியப் பள்ளிகள் நாட்டிலேயே நல்ல பெயர் எடுத்தவை என்பதையும் சொல்லிவிடுங்கள். மொழி வந்துவிட்ட பிள்ளை என்றால் நான் முனிச்தான் சொல்லியிருப்பேன்.

ரைன்கரை

உண்மைதான். மொழி வந்துவிட்ட பிள்ளை என்றால்.

நிலாமுற்றம்

கணவரிடம் காட்டினேன். பெர்லின் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரே கேள்வி. புறப்பட நான்கு மாதம் இருக்கிறது. இதற்குள் என்ன சொல்லிக்கொடுக்கலாம்? இங்கே சிலர் ஜெர்மன் இலக்கணப் புத்தகம் வாங்கச் சொல்கிறார்கள். தமிழ் எழுதப் படிக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள், அதை நிறுத்தி வைக்கவா?

சின்னக்கா

தமிழை நிறுத்த வேண்டாம்மா. அவள் வீட்டில் யோசிக்கும் மொழி அது. புதுப் பள்ளியில் வாயே திறக்க முடியாத மாதங்களில் வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்க்க ஒரு மொழி முழுசாக இருக்க வேண்டும்.

ரைன்கரை

இலக்கணப் புத்தகம் வேண்டாம். “எனக்குப் புரியவில்லை”, “நானும் விளையாட வரலாமா?”, “கழிவறைக்குப் போகலாமா?” இந்த மூன்றும் ஜெர்மனில் தயக்கமில்லாமல் வந்தால் முதல் வாரம் ஓடிவிடும். கை தூக்கிப் பதில் சொல்வதை வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள், தப்பாகச் சொன்னாலும் சரி. தமிழுக்கு ஜெர்மனியில் பல நகரங்களில் ஈழத்தமிழர்கள் வார இறுதியில் தமிழாலயங்கள் நடத்துகிறார்கள், பெர்லின் வந்ததும் விசாரியுங்கள்.

நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே தொடங்கலாம். அப்புறம் ஒன்று: இங்கே இந்த வயதில் பென்சிலிலிருந்து மை ஊற்றும் பேனாவுக்கு மாறுவார்கள். ஜப்பானில் பென்சில்தானே. கோடையில் ஒன்று வாங்கிக் கொடுத்து எழுதிப் பழக விடுங்கள். இடக்கைப் பழக்கம் என்றால் அதற்குத் தனி நிப் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

நிலாமுற்றம்

வலக்கைதான். நீச்சலும் இங்கே பள்ளியிலேயே கற்றுவிட்டாள். பேனா வாங்கிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து பெர்லின் போன குடும்பம் வேறு யாராவது இங்கே இருந்தால் தனிமடல் போடுங்கள், வரவேற்பு வகுப்பா நேரடி வகுப்பா என்பதில் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.